பட்டியலில் பெயர் இருக்கிறது, அப்பா பெயர் இல்லை

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில், மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பி.எம். கிசான் பணம் யார் யாருக்குப் போனது என்று உங்கள் கிராமத்துப் பட்டியலை இணையத்தில் பார்த்திருக்கிறீர்கள். காணி நிலம்கூட இல்லாத இரண்டு மூன்று பேர் அதில் இருப்பதாகச் சந்தேகம். அமெரிக்காவில் விவசாயி வாங்கிய கொரோனா நிவாரணத்தைத் தொகையோடு யாரும் பார்க்கலாமாம். இங்கே விவரம் கேட்டால் 'தனிநபர் தகவல்' என்று திருப்பி அனுப்புகிறார்களே, ஏன்? இதுதான் கேள்வி. அதற்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அரசாங்கப் பணம் வாங்கியவர் பெயரை ஊருக்குக் காட்டுவது நியாயமா, இல்லை அடுத்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்ப்பதா?

நான் வக்கீல் இல்லை. பதினைந்து வருடமாகத் தகவல் உரிமை மனு எழுதிக் கொடுக்கிறேன். அதில் வேளாண்மைத் துறைக்குப் போனவைதான் அதிகம். அமெரிக்க விஷயத்தில் அவர்களுடைய சட்டத்தையும் தீர்ப்புகளையும் படித்த அளவுக்குத்தான் என் அறிவு. இங்கே நடந்தது பற்றிச் சொல்வதில் பாதி, கையால் தொட்ட காகிதம்.

பணத்தில் ஆரம்பிப்போம். பி.எம். கிசான் கொரோனாவுக்காக வந்த திட்டம் இல்லை. 2019 பிப்ரவரியில் தொடங்கியது. வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2020 மார்ச் 26 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பை அறிவித்தபோது, அந்த நிதியாண்டின் முதல் 2,000 ரூபாயை ஏப்ரலிலேயே 8.7 கோடி விவசாயிகளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். எப்படியும் வரவேண்டிய பணம்தான், கொஞ்சம் முன்னால் வந்தது. ஆனால் ஊரில் அதற்குக் 'கொரோனா காசு' என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயர்தான் பிறகு தரகர்களுக்கு வசதியாகப் போனது.

2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் விவகாரம் வெடித்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று ஆரம்பித்துப் பல மாவட்டங்களில், விவசாயியே அல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். தகுதியில்லாதவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய் என்று அப்போதைய வேளாண்மைத் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி சொன்னார். துறை அலுவலர்களுக்கான பாஸ்வேர்டைப் பயன்படுத்தி, பதிவானவர்களுக்கு ஒப்புதலும் போட்டுவிட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள், அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள், வங்கிக் கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். விவசாயி தானே பதிவு செய்துகொள்ளலாம் என்று மத்திய அரசு கொண்டுவந்த வசதிதான் இதற்கு வழிவிட்டது என்றார் அன்றைய முதல்வர் பழனிசாமி. என் கணக்கில் அது பாதி உண்மை. கதவைத் திறந்தது அது. உள்ளே வந்தவருக்கு முத்திரை குத்தியது உள்ளூர் கடவுச்சொல்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் டீக்கடை பெஞ்சில் ஒரு பட்டியலோடு உட்கார்ந்தோம். செப்டம்பர் மாதம், எல்லோர் முகத்திலும் துண்டு. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த நான்கு தாள். வரிசை எண், பெயர், ஆணா பெண்ணா. அவ்வளவுதான் அதில் இருந்தது. ஊரின் பழைய நாட்டாமைக்காரர் ஒருவரும், கிராம உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவரும் பெயர் பெயராகப் படித்தார்கள். முதல் பக்கம் தாண்டுவதற்குள் தகராறு. "முருகன்னு போட்டிருக்கு. எந்த முருகன்? கிணத்துமேட்டு முருகனுக்கு ஒண்ணரை ஏக்கர் இருக்கு. மேஸ்திரி முருகனுக்கு வூடே புறம்போக்குல." அந்த ஊரில் முருகன் என்று கூப்பிட்டால் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா பெயர் இல்லை, இனிஷியல் இல்லை, சர்வே எண் இல்லை, எந்தத் தவணை வாங்கினார் என்பதும் இல்லை. ஆனாலும் கடைசிப் பக்கத்தில் வரிசையாகப் பதினோரு பெயர் வந்தபோது இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்களில் ஊரில் ஆளே கிடையாது.

பின்னால் பேரூராட்சியில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். பூக்கட்டி விற்பவர். "கொரோனாவுக்கு மோடி ரெண்டாயிரம் குடுக்கிறாராம், ஆதாரும் பாஸ்புக்கும் குடுன்னு ஒரு பையன் வாங்கிட்டுப் போனான்" என்றார். பணம் வந்ததும் அந்தப் பையன் பாதியை வாங்கிக்கொண்டான். தன்னை அரசாங்கம் விவசாயியாக எழுதி வைத்திருப்பதே அவருக்குத் தெரியாது. பிறகு வங்கியில் முழு இரண்டாயிரத்தையும் பிடித்தபோது ஆயிரம் அவர் கையிலிருந்து போனது. பெயரை ஊருக்குக் காட்டும்போது இந்த அம்மாவின் பெயரும் 'மோசடிப் பயனாளி' என்றுதான் வரும். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பட்டியல் இணையத்தில் இருந்தபடியேதான் இவ்வளவும் நடந்தது. அப்படியானால் வெளிப்படைத்தன்மையால் என்ன பயன் என்று கேட்கலாம். பெயர் இருந்ததால் ஆள் இல்லாத பதினோரு பேரைப் பிடித்தோம். அப்பா பெயரும் சர்வே எண்ணும் இல்லாததால் மேஸ்திரி முருகனா, கிணத்துமேட்டு முருகனா என்று கடைசிவரை தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரால் சரிபார்க்க முடிகிற அந்த விவரத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் போட்டால், பட்டியல் சுவரில் ஒட்டிய தேர்தல் நோட்டீஸ் மாதிரிதான்.

அமெரிக்காவுக்கு வருகிறேன். அங்கே தொகையே வேறு உயரம். 2020 ஏப்ரல் 17 அன்று வேளாண்மைச் செயலர் சன்னி பெர்டியூ கொரோனாவைரஸ் உணவு உதவித் திட்டத்தை அறிவித்தார்: 1,900 கோடி டாலர், அதில் 1,600 கோடி நேராக விவசாயிக்கு. செப்டம்பரில் இரண்டாம் சுற்று. இரண்டும் சேர்ந்து 3,000 கோடி டாலரைத் தாண்டின. ஒரு நபருக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர், அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 1.9 கோடி ரூபாய். மூன்று பங்குதாரர்கள் நிஜமாகவே பண்ணையில் உழைக்கிற கம்பெனி என்றால் 7,50,000 டாலர் வரை. விவசாயி தன் விளைச்சலையும் மாடுகளின் எண்ணிக்கையையும் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஆதாரம் அப்புறம் கேட்டால் காட்டவேண்டும். நம் ஊர் சுயபதிவு மாதிரியேதான். அவர்களுடைய அரசுக் கணக்காய்வு அலுவலகம் பிறகு 2022இல், இந்தப் பணப்பட்டுவாடாவை இன்னும் கடுமையாகச் சரிபார்க்கவேண்டும் என்று வேளாண்மைத் துறைக்கு எழுதியது. அவசரத்தில் கொடுத்த பணம் எந்த நாட்டிலும் இப்படித்தான் ஒழுகும்.

நீங்கள் கேள்விப்பட்டது சரி: வாங்கியவர் பெயர், ஊர், தொகை அங்கே கிடைக்கும். ஆனால் அது அரசாங்கம் மனமுவந்து கொடுத்த வரம் இல்லை. 1996இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை, பருத்தி மானியம் வாங்கியவர்களின் பட்டியலைக் கேட்டு வழக்குப் போட்டு ஜெயித்தது. அந்த வழியில் போய் என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 2001இல் முழு மானியப் பட்டியலையும் தேடும் வசதியோடு இணையத்தில் ஏற்றியது. கொரோனா நிவாரணத்தையும் அதே தளத்தில் சேர்த்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2008 பிப்ரவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், பண்ணைகளைப் பற்றிய வரைபட விவரங்களையும் கொடுக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. விவசாயச் சங்கங்கள் சும்மா இருக்குமா? சில மாதத்திலேயே புதிய விவசாயச் சட்டத்தில் 1619 என்று ஒரு பிரிவு நுழைந்தது. விவசாயி துறைக்குக் கொடுக்கிற நில விவரம், பயிர் விவரம், வரைபடம் எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. ஆனால் யாருக்கு எவ்வளவு பணம் போனது என்பதைக் கொடுக்கலாம். ஆக, அங்கே இன்னார் இத்தனை டாலர் வாங்கினார் என்று யாருக்கும் தெரியும். எத்தனை மாட்டுக்கு, எத்தனை ஏக்கர் சோளத்துக்கு என்று எழுதிக்கொடுத்து வாங்கினார் என்பது தெரியாது. நம் ஊரில் தலைகீழ். சர்வே எண் கையில் இருந்தால், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவையும் 'அ' பதிவேட்டையும் தமிழ்நாடு அரசின் தளத்தில் யாரும் பார்க்கலாம்; அந்த நிலத்தைக் காட்டி யார் எத்தனை தவணை வாங்கினார் என்பது மூடிக்கிடக்கிறது. இரண்டு ஊரிலும் சாவி ஒன்று, பூட்டு இன்னொன்று என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் எல்லாத் துறையும் ஒரே மாதிரி இல்லை. அதே 2020இல் சிறுதொழில்களுக்கான சம்பளப் பாதுகாப்புக் கடன் திட்டத்தில் பண்ணைகளும் பணம் வாங்கின. சரியாகச் செலவழித்தால் திருப்பிக் கட்டத் தேவையில்லாத கடன். வாங்கியவர் பெயரைச் சொல்லமாட்டேன், அது வியாபார ரகசியம் என்று நிதியமைச்சர் மினூசின் முரண்டு பிடித்தார். ஜூலையில் ஒன்றரை லட்சம் டாலரும் அதற்கு மேலும் வாங்கியவர்களின் பெயர் மட்டும் வந்தது, அதிலும் துல்லியமான தொகை இல்லை, 'இத்தனையிலிருந்து இத்தனைக்குள்' என்று ஒரு வரம்பு. பத்திரிகைகள் வழக்குப் போட்டன. நவம்பரில் நீதிபதி போஸ்பர்க் உத்தரவிட்டார். டிசம்பர் 1 அன்று முழுப் பட்டியலும் வெளியே வந்தது. ஒரே அரசாங்கம், ஒரே பெருந்தொற்று. பழைய வழக்கு இருந்த துறையில் பெயர் கிடைத்தது, இல்லாத துறையில் கோர்ட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

பெயர் போடுவது நியாயமா என்பதில் ஐரோப்பா எதிர்ப்பக்கம் நின்றது. ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநில விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2010 நவம்பர் 9 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், தனிமனிதர்களின் பெயரைத் தொகை பார்க்காமல் ஒட்டுமொத்தமாக வெளியிடுவது அளவுக்கு மீறிய செயல் என்று சொல்லிவிட்டது. பிறகு 2013இல் சட்டத்தை மாற்றி, பெயர் போடலாம், ஆனால் சிறு தொகை வாங்குபவர்களை விட்டுவிடலாம் என்று ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. நானும் ரொம்ப நாள் அதுதான் சரி என்று நினைத்திருந்தேன். 2020க்குப் பிறகு மாறிவிட்டேன். ஆளுக்கு இரண்டாயிரம் என்பது சின்னத் தொகைதான். ஐந்து லட்சம் பேருக்கு அது நூறு கோடி. அமெரிக்க மோசடி ஒரு பெரிய பண்ணையில் ஒளியும். நம் மோசடி சில்லறையில் ஒளிகிறது. தொகையில் வரம்பு கட்டினால் நமக்கு வேண்டியதுதான் முதலில் மறையும்.

அதே நேரம், பட்டியலால் பிடிக்க முடியாத மோசடியும் உண்டு. காமன்வெல்த் மனித உரிமை முன்முயற்சியைச் சேர்ந்த வெங்கடேஷ் நாயக் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பதிலின்படி, 2020 ஜூலை வரை நாடு முழுக்க 20.48 லட்சம் தகுதியற்றவர்களுக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது. அவர்களில் பாதிக்கு மேல், சுமார் 56 சதவீதம், வருமானவரி கட்டுபவர்கள். ஊரில் இவருக்கு நிலம் இருக்கும், பட்டா இருக்கும், டீக்கடைப் பெரியவர்கள் 'சரியான ஆள்தான்' என்று டிக் அடிப்பார்கள். வரி கட்டுகிறாரா என்று ஊருக்கு எப்படித் தெரியும்? அதை வருமானவரித் துறைக் கணக்கோடு அரசாங்கம்தான் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஆளே இல்லாத பெயரையும் நிலமே இல்லாத பெயரையும் ஊர் பிடிக்கும். கம்ப்யூட்டர் அவ்வளவு சுலபத்தில் பிடிக்காது. அதனால் 'இணையத்தில் போட்டாயிற்று, மக்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்பதும் சரியில்லை, 'ஆதாரோடு இணைத்தாயிற்று, இனி யாரும் பார்க்கத் தேவையில்லை' என்பதும் சரியில்லை.

பட்டியலில் இன்னொரு பயனும் உண்டு, நம் ஊரில் யாரும் பேசாதது. யாருக்குப் போகவில்லை என்பதையும் அது காட்டும். அமெரிக்கக் கொரோனா விவசாய நிவாரணத்தில் கறுப்பின விவசாயிகளுக்குப் போனது 0.1 சதவீதம்தான் என்று அடுத்து வந்த வேளாண்மைச் செயலர் டாம் வில்சாக்கே 2021 மார்ச்சில் சொன்னார். நம் பி.எம். கிசானில் நிலம் தன் பெயரில் இருந்தால்தான் பணம். குத்தகைக்கு உழுபவருக்குப் பைசா கிடையாது. கோயில் நிலத்தில் தலைமுறையாக நெல் போடுகிறவருக்கும் கிடையாது. ஆனால் இப்படி விதியே வெளியே நிறுத்தியவரை எந்தப் பயனாளிகள் பட்டியலிலும் பார்க்க முடியாது. கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரை ஒழுங்காக எழுதினால் ஒருவேளை தெரியும். அது எவ்வளவு ஒழுங்காக எழுதப்படுகிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

இப்போது சட்டம். உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(b)(xii): மானியத் திட்டங்களை நிறைவேற்றும் முறை, ஒதுக்கிய தொகை, பயனாளிகளின் விவரம் ஆகியவற்றை ஒவ்வொரு அலுவலகமும் யாரும் கேட்காமலே வெளியிடவேண்டும். இந்தப் பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது. மாறியது 8(1)(j). முன்பு, தனிநபர் தகவல் பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாததாகவோ, அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைவதாகவோ இருந்தால்தான் மறுக்கலாம். பெரிய பொதுநலன் இருந்தால் கொடுத்தாகவேண்டும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சுருக்கி, 'தனிநபர் தொடர்பான தகவல்' என்று ஒரே வரியாக்கிவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. உங்களுக்கு வந்த ஒற்றை வரி மறுப்பின் மூலம் இதுதான்.

விவாதத்துக்கு உரியது இனிமேல் வருவது. பொதுநலன் கெடுதியைவிடப் பெரிதாக இருந்தால் மறுக்கக்கூடிய தகவலையும் கொடுக்கலாம் என்கிற 8(2) பிரிவு அழியவில்லை. 4(1)(b)(xii)இல் பயனாளி விவரத்தை நீயே வெளியிடு என்று சொல்லிவிட்டு, கேட்டால் மட்டும் கொடுக்காதே என்று அதே சட்டம் சொல்வதாகப் படிப்பது அர்த்தமில்லாதது என்பது என் வாதம். இது என் வாதம்தான், தீர்ப்பு இல்லை. எதிர்த்தரப்பில் 'கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லையே' என்பார்கள். வரிக்கு வரி படித்தால் அவர்களுக்கும் பிடிமானம் இருக்கிறது.

அதனால் மனுவை வேறு மாதிரி எழுதுங்கள். 'இன்னாருக்கு எத்தனை ரூபாய் போனது' என்று ஒரு பெயரைக் குறித்துக் கேட்காதீர்கள். அது பங்காளிச் சண்டை மனுவாகவே படிக்கப்படும், பல நேரம் அப்படித்தான் இருக்கும். ஊரைக் கேளுங்கள். இந்த வருவாய்க் கிராமத்தில் 2020 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை புதிதாகச் சேர்ந்த பயனாளிகள் எத்தனை பேர், அவர்களில் கள ஆய்வு செய்தது எத்தனை பேரை, ஆய்வறிக்கையின் நகல், தகுதியில்லை என்று நீக்கியது எத்தனை பேரை, திரும்ப வசூலித்த தொகை எவ்வளவு, இன்னும் வரவேண்டியது எவ்வளவு. இவற்றில் பெரும்பாலும் தனிநபர் தகவல் இல்லை. மறுக்கக் காரணம் தேடவேண்டியிருக்கும். கூடவே, 1.2.2019 அன்று நிலம் தன் பெயரில் இருந்தவர்தான் தகுதியானவர், பிறகு வாரிசாக வந்தது மட்டும் விதிவிலக்கு என்பதால், அந்தத் தேதியில் பட்டா யார் பெயரில் இருந்தது என்று சரிபார்த்த பதிவேட்டைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். நகல் கேட்டால் மறுப்பவர்கள் சில சமயம் நேரில் பார்க்க விடுவார்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இரண்டையும் மட்டும் தப்பித்தவறியும் கேட்காதீர்கள். அவை உங்களுக்குத் தேவையும் இல்லை. மொத்த மனுவையும் தள்ளிவிட அவர்களுக்கு அது ஒரு சாக்கு.

மனு மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் போகட்டும், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அப்புறம், உங்களுக்குச் சந்தேகமான அந்த இரண்டு மூன்று பெயர்களை எங்கேயும் எழுதிப் போடாதீர்கள். அவர்களில் ஒருவர் என் பூக்கட்டும் அம்மா மாதிரி, ஆதாரைக் கொடுத்து ஏமாந்தவராக இருக்கலாம். யார் பெயர் இருக்கிறது என்பதைவிட, யார் பாஸ்வேர்டில் அந்தப் பெயர் ஏறியது என்பதுதான் எனக்கு வேண்டிய விவரம். அதை எந்த நாட்டுத் தளமும் காட்டுவதில்லை. இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்றுதான். தளத்தில் இருக்கும் உங்கள் ஊர்ப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, மேலே தேதி போட்டு, பழைய பட்டா நகலோடு பத்திரமாக வையுங்கள். அடுத்த தவணைக்குப் பிறகு இன்னொன்று எடுங்கள். நீக்கப்பட்ட பெயர் தளத்தில் தடமே இல்லாமல் போய்விடும். உங்கள் கையிலிருக்கிற தாளில் மட்டும்தான் இருக்கும்.